பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில்

என் சித்தியின் தொழில் அடுத்தவர் வாய்க்குப் பல் செய்வது. அவள் டாக்டர் இல்லை. டாக்டர், வாயை ஆவென்று திறக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சண்டை போடாமல் உட்காரும்படி செட் செய்து கொடுப்பவள் சித்தி. எங்கள் பக்கத்தில் பாதிக் கிழவர்கள் சித்தியின் பல்லால்தான் சிரிக்கிறார்கள், திட்டுகிறார்கள், ரொட்டியைக் கடிக்கிறார்கள். அவர்கள் யாரையும் அவள் பார்த்ததில்லை. தெருவில் எவராவது வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் என் பக்கம் குனிந்து, "நம்ம செட்டுடி" என்பாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பேரும் புகழும்.

நாங்கள் மாடியில், சித்தி கீழே. சித்தப்பா என் அப்பாவுக்குத் தம்பி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை; காலியாக இருந்த அந்த இடத்தை வாடகை இல்லாமல் நான் பிடித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டதால் பகல் முழுக்கக் கீழ்வீட்டில்தான் கிடப்பேன். சித்தி எனக்கு வைத்த பெயர் வாலு.

சித்தப்பா ரயில் ஓட்டுகிறவர். வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் டிரைவர் ஆகிவிட முடியாது, பாதை தெரிய வேண்டும் என்பார். எந்தக் கம்பத்துக்குப் பிறகு வளைவு, எந்த இடத்தில் ஹாரன், எங்கே ஏற்றம், எங்கே சரிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியாதவனிடம் அந்தப் பாதையைக் கொடுக்க மாட்டார்களாம். அதனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே ஒப்பிப்பார். "மில்லு தாண்டி இடது வளைவு. வளைவு முடியறப்ப மஞ்சக் கம்பம், அங்க ஒரு ஹாரன். அப்புறம் கேட். கேட்டுக்கு அப்புறம் சரிவு, கைய எடுத்துடணும், தானா போகும். அப்புறம் பாலம்." தட்டு ஸ்டேஷன், டம்ளர் சிக்னல், கரண்டி பாலம். சித்தி பரிமாறிக்கொண்டே கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம். அவர் எங்காவது விட்டுவிட்டால், "கேட்ட முழுங்கிட்டீங்க" என்பாள். அந்தப் பாதையில் அவள் ஒருமுறைகூடப் போனதில்லை.

ஒரு நாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், பாலம் தாண்டி வண்டி இறங்கும்போது தண்டவாளத்தில் ஒருவர் நின்றார். கடக்கவில்லை. நின்றார்.

வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே சித்தப்பா சித்தியிடம் இரண்டு விஷயம் சொன்னார். பிரேக் போட்டேன் என்றார். நின்றவர் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்திருந்தார் என்றார். பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று முடிவாயிற்று. வந்தவர் போனவரெல்லாம் அதையே சொன்னார்கள். என் அப்பா சொன்னார். கூட வேலை செய்கிறவர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து சொன்னார்கள். பழம் வாங்கிக்கொண்டு வந்து ஒருவனிடம் உன் தப்பு இல்லை என்றால், என்னவோ இருக்கிறது என்றுதான் அவனுக்குத் தோன்றும். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். தாடி வளர்ந்தது. தூரத்தில் ரயில் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் குழாயைத் திறந்து விடுவார்; சத்தம் அடங்கியதும் மூடுவார். எங்கள் வீட்டிலிருந்து ரயில் சத்தம் நிறையவே கேட்கும். தண்ணீர்த் தொட்டி அடிக்கடி காலியாயிற்று.

வேலையிலிருந்து லீவு கொடுத்திருந்தார்கள். லீவு முடிந்ததும் ரயில்வே டாக்டர் பார்ப்பார், சரி என்றால் எஞ்சின், இல்லையென்றால் வேறு ஏதாவது. சித்திக்கு எஞ்சின் பெரிதாகத் தெரியவில்லை. அந்த அறைக்குள் போன ஆள் வெளியே வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் வீட்டில், வளர்ந்துவிட்ட மகனின் பொம்மை ரயிலைப் பெட்டியோடு தூக்கிப் போட வைத்திருந்தார்கள். நல்ல ரயில். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்று பெட்டிமேல் போட்டிருந்தது. எஞ்சின், நாலு பெட்டி, ஒரு சாக்குத் தண்டவாளம், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு டப்பா. சித்தி கேட்டு வாங்கி வந்தாள். அன்றே உளி, திருப்புளியோடு போய், சித்தப்பா படுத்திருந்த அறையின் கதவைக் கழற்றினாள். கழற்றிக் கூடத்தில் நாலு முக்காலிமேல் படுக்கப்போட்டாள்.

அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "வேற பலகையே கிடைக்கலையா உனக்கு?"

"இதுதாங்க மாமா நேரா இருந்துச்சு."

"உள்ள படுத்திருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"காத்து வரும்," என்றாள் சித்தி.

அந்தக் கதவுமேல்தான் பாதை வந்தது. பார்க்காத பாதையைக் காதால் கேட்டதை வைத்துக் கட்டினாள். அடுத்தவர் முகத்தைப் பார்க்காமலே பல் செய்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. மலை, பல் பிளாஸ்டரில். மில்லின் கூரை, ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொருளில். அதனால் ஊரே லேசாக வாய் திறந்திருந்த மாதிரி இருந்தது. ஆற்றில் கூழாங்கற்களுக்குப் பதில் சரியில்லை என்று திரும்பி வந்த பற்களைக் கொட்டினாள். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடுகாட்டி, மெழுகில் பாலத்தின் தூண்களை அவள் செதுக்குவதைப் பார்த்தால், அதன்மேல் நிஜமாகவே எவரோ போகப்போகிறார்கள் என்று தோன்றும். என் பங்குக்கு நான் பயணிகள் செய்தேன். பிளாட்பாரத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும் கணவன் மனைவி, கழிப்பறை வாசலில் நெளிகிற வரிசை, அதில் கடைசி ஆளாக எங்கள் பழைய தலைமையாசிரியர்.

பொம்மை ரயில் கட்டுகிறவர்கள் எல்லோருமே தூரத்தைச் சுருக்குவார்கள். உள்ளபடி வைத்தால் ரயில் வீட்டை விட்டுப் போய்விடும். பத்து வளைவை இரண்டாக்குவார்கள், காட்டை நாலு மரமாக்குவார்கள். சித்தியும் சுருக்கினாள். மில், வளைவு, மஞ்சள் கம்பம், கேட், சரிவு, பாலம். பாலம் முடிந்ததும் ஸ்டேஷன். நடுவில் இருந்ததைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள். எல்லாமே குறைந்திருக்கிற இடத்தில் இது ஒன்று குறைந்தது யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

முதல் நாள் ரயில் ஓடவில்லை, விழுந்தது. இடது வளைவுக்கு வரும், கவிழும். எடுத்து வைப்போம், மறுபடி கவிழும். என் தலைமையாசிரியர் இரண்டு முறை உயிரிழந்தார். நாலாவது முறை கவிழ்ந்தபோது, கதவில்லாத அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வளைவுல வேகம் ஜாஸ்தி."

சித்தி தலையைத் தூக்கவில்லை. மெழுகுக் கத்தி மட்டும் கையில் அப்படியே நின்றது. "எவ்வளவு வைக்கணும்?"

"பாதி."

பாதி வைத்தாள். போயிற்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில், பேசினால் பல்லைக் கழற்றிவிடுவேன் என்று இருந்தது.

மறுநாள் நிலைப்படி வரைக்கும் வந்தார். அதற்கடுத்த நாள் பலகை வரைக்கும். சிக்னல் கேபின் நீலம் இல்லை, பச்சை என்றார். சித்தி பச்சை அடித்தாள். பிறகு ஒரு மத்தியானம் அவரே திருகைப் பிடித்து உட்கார்ந்தார். பிளாட்பாரத்தில் நான் நிறுத்தியிருந்த ஒரு பயணியின் பக்கத்தில் பெட்டிக்குப் பதில் ஒரு முழுக் கடைவாய்ப் பல் இருந்தது. ஆளைவிட அது பெரிது. சித்தப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த லக்கேஜுக்கு தனியா டிக்கெட் எடுக்கணும்," என்றார்.

சித்தி சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே ஒரு பாத்திரமும் உருளவில்லை, ஆனால் வெளியே வர நேரமாயிற்று.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அவர் முகம் மழித்தார். ஓட்டும்போது வாய்க்குள் ஒப்பிப்பார். மஞ்சள் கம்பத்தில் தொண்டைக்குள்ளேயே ஒரு ஹாரன் அடிப்பார். எதிர்ச் சுவரில் சித்தியின் செட்டுகள் காய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கும். பாலம் தாண்டும்போது மட்டும் அவர் கை திருகின்மேல் எதையோ தேடும். தேடி முடிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும்.

ஒரு நாள் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, ரயிலைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு எடம் குறையுது," என்றார்.

"எல்லா எடமும்தான் குறையுது. இருக்கறது ஒரு கதவு," என்றாள் சித்தி.

"பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல."

சித்தி கையிலிருந்த தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எடத்த எடுத்துட்டா, அவர் எங்க போய் நிப்பாரு?" என்றார் சித்தப்பா. கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"அவர் நிக்கவே வேணாங்க."

"நின்னாரே."

சித்தி அந்த இடத்தைப் பற்றி எதையும் கேட்டதில்லை, அதனால் அது அவள் காதில் இல்லை. போய்ப் பார்த்தாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் போய் இறங்கி, கற்களின்மேல் நடந்தோம். நான் பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை. பாலம் இறங்கியதும் கொஞ்சம் மேடு, இரண்டு பக்கமும் முட்செடி, ஒரு பக்கம் உடைந்த வேலி, வேலியில் ஆட்கள் நுழைந்து நுழைந்து உண்டான ஓட்டை, ஓட்டையிலிருந்து ஒற்றையடிப் பாதை. யாரோ குளிர்பானம் குடித்துவிட்டுப் பாட்டிலை எறிந்திருந்தார்கள். சித்தி பாலத்தின் முனையிலிருந்து அந்தப் பாதைவரை கால் வைத்து அளந்தாள். வரும் வழியில் பஸ்ஸில், "சும்மா ஒரு எடம்டி," என்று இரண்டு தடவை சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்குள் வைத்திருந்த ஜோக்கை விழுங்கினேன்.

சமையலறைக் கதவும் கழன்றது. ஸ்டேஷனைப் பெயர்த்துத் தள்ளி ஒரு முக்காலிமேல் வைத்துவிட்டு, அதைப் பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் செருகினாள். சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இந்தக் கதவில் மட்டும் எதையும் சுருக்கக் கூடாது. அதனால் மற்ற இடமெல்லாம் கைக்குட்டை மாதிரி மடிந்திருக்க, அந்த இடம் மட்டும் உள்ளபடி, முழு நீளத்துக்குக் கிடந்தது. முட்செடி, வேலி, ஓட்டை, பாதை. பாலத்து முனையிலிருந்து பாதைவரை சரியாக ஒரு கதவு நீளம்.

மனிதரைச் செய்யச் சித்தி மறுத்துவிட்டாள். நானும் மாட்டேன் என்றேன். சித்தப்பாவே செய்தார். ஈறு மெழுகில், விரல் நகத்தளவு ஆள். கை கீழே தொங்க, பாலத்தைப் பார்த்தபடி. ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு. அரிசி மணியைவிடச் சின்னது. இரண்டையும் ஊசி முனையால் நேராக்கினார்.

பிறகு திருகின் முன்னால் உட்கார்ந்தார். மில், வளைவு, கம்பம், கேட், சரிவு. வண்டி பாலம் இறங்கியது. அவர் திருகைத் திருப்பினார்.

ரயில் நின்றது.

பொம்மை ரயில் அப்படித்தான். மின்சாரத்தை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நிற்கும். அதற்கு எடையா, வேகமா, பின்னால் தள்ளுகிற ஆயிரம் பேரா? மனிதருக்கு முன்னால், கதவில் பாதிக்கும் மேல் மிச்சம் வைத்து, நல்ல பிள்ளையாக நின்றது.

"நின்னுருச்சு," என்றார் சித்தப்பா.

இன்னொரு முறை. நின்றது. கொஞ்சம் தாமதமாகத் திருப்பினார். நின்றது. இன்னும் தாமதமாக. எஞ்சினுக்கும் மெழுகு ஆளுக்கும் நடுவில் ஒரு விரல் இடம். அப்போதும் நின்றது.

சித்தி அப்போதுதான் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் தண்டவாளத்தில் இருந்த மனுஷன், புதிதாக வருகிறவர்களுக்கு பிரேக்கைப் பற்றிப் பாடம் எடுத்தவர், ஒரு பொம்மை சொன்ன சாட்சியை நம்பிவிட்டார். ஒரு பிசகும் இல்லாமல் ஓடும்படி அதைச் செய்து கொடுத்தவள் அவள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அதுதான். காலையில் எழுந்ததும் அந்த மனிதரைக் காப்பாற்றுவார். டீ குடித்துவிட்டுக் காப்பாற்றுவார். சாப்பாடு ஆறிப்போகும், அவர் காப்பாற்றிக்கொண்டிருப்பார். ஸ்டேஷனுக்கு வண்டி போகவே இல்லை. பயணிகள் அங்கேயே நின்றார்கள், தூசி படிந்து. சாவு வீட்டுக்குக்கூட ஒரு முடிவு உண்டு, இதற்கு இல்லை. அவருடைய கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே தெரிய ஆரம்பித்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்கள் வீட்டில் பூதத்துக்கு ஒரு கதவும் கழற்றிக் கொடுத்திருந்தோம்.

டிரைவர்களுக்கு மேலே இருக்கிற இன்ஸ்பெக்டர் ஒரு நாள் பார்க்க வந்தார். அவரும் முன்னாளில் ஓட்டியவர்; சித்தப்பாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா, நம்ம மில்லுப்பா," என்று குனிந்தார். சித்தப்பா ஓட்டிக் காட்டினார். பாலம், இறக்கம், நின்றது.

"பாத்தீங்களா சார். இங்க போட்டிருந்தா நின்னிருக்கும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "இது பொம்மைப்பா."

"வண்டிதானே சார்."

அவர் டீயை முழுக்கக் குடிக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சித்தியிடம் மெதுவாகச் சொன்னார். "டாக்டர் பாத்தாலும் இதத்தான்மா சொல்லுவார். அவன் கையில வண்டி குடுத்தா, யாரும் இல்லாத எடத்துல எல்லாம் நிறுத்துவான்."

"எஞ்சின் போனா போகட்டும் சார். ஆளு?"

அவர் தெருவைப் பார்த்தார். "அது எனக்குத் தெரிஞ்ச வேலை இல்லம்மா."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நெஜ வண்டி பிரேக் போட்டா எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

"அந்த வேகத்துக்கு, அந்த பாரத்துக்கு, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கொறைய. அன்னிக்கும் அப்படித்தான். ஸ்டேஷனெல்லாம் தாண்டிப் போய்த்தான் நின்னுச்சு. அவன் போட்ட பிரேக்குல தப்பே இல்லம்மா."

தப்பே இல்லை. பழம் மட்டும்தான் வாங்கி வரவில்லை.

சித்தி உள்ளே வந்து, காய்ந்துகொண்டிருந்த ஒரு கீழ்த்தாடையின்மேலேயே பென்சிலால் வகுத்தாள். அந்தத் தூரத்தை, பெட்டிமேல் போட்டிருந்த எண்பத்தேழால். பிறகு பல்லிடுக்கு சுத்தம் செய்கிற நூல் டப்பாவை எடுத்தாள். டாக்டர் வீட்டில் சும்மா கொடுப்பது; புதினா வாசனை அடிக்கும். கணக்கில் வந்த நீளத்தில் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, அதன் முனையைப் பாலத்து முனையில், சித்தப்பா பிரேக் போட்ட இடத்தில் கட்டினாள். டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

"நடங்க."

"எங்க?"

"வண்டி எங்க நிக்குமோ அங்க."

அவர் நடந்தார். நூல் மெழுகு மனிதரின் தலைக்குமேல் போயிற்று, ஸ்டேஷனைத் தாண்டிற்று, பலகை முடிந்தது. ஜன்னல் கம்பி வழியாக டப்பாவை அவள் வெளியே நீட்ட, அவர் சுற்றிக்கொண்டு வந்து வாங்கினார். முற்றம். வெளிக்கேட். கேட்டில் நின்றுவிட்டார். அன்றைக்குப் பிறகு அவர் கேட்டைத் தாண்டியதில்லை. சித்தி பக்கத்தில் போய் நின்றாள். கையைப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை.

"இன்னும் நூல் இருக்கு," என்றாள்.

தெருவில் இறங்கினார். எதிரில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, குடும்பத்தோட பட்டம் விடறீங்களா?"

"ரயில் நிக்கிற எடம் பாக்கறோம்ணே."

"எங்க நிக்குது?"

சித்தி முடிச்சுப் போட்டு வைத்திருந்த இடம் வந்திருந்தது. "உங்க மிஷினுக்குக் கீழ."

"அப்ப பாசஞ்சருக்கெல்லாம் டீ சொல்லட்டா?"

யாரும் சிரிக்காததால் அவர் மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். சித்தப்பா நூலைப் பிடித்தபடி, கடைப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். எங்கள் ஜன்னல் தெரிந்தது. அதற்குள் இருட்டு.

"இங்கேருந்து அவர் தெரியல," என்றார்.

"தெரியாது. அவரத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"எனக்குத் தெரியாதுன்னு நெனக்கிறியா? பாடம் எடுத்தவன்டி நான்."

"வாய்க்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

உண்மைதான். மறுநாள் காலையில் கை வழக்கம்போல ரயிலை நிறுத்திற்று. மனிதர் பிழைத்தார். நூல் இன்னும் ஜன்னல் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

சித்தி அன்று பல் வேலையைத் தொடவில்லை. ரயிலின் திருகு டப்பாவுக்குப் பின்பக்கம் குனிந்து, இரண்டு கம்பிகளை எடுத்து, அழைப்பு மணிப் பட்டன் ஒன்றில் முடிந்தாள். அதை அழுத்திப் பிடித்தால் மின்சாரம் திருகைக் கேட்காது. நேராகத் தண்டவாளத்துக்குப் போகும். பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க," என்றாள். "எங்க பிரேக் போட்டீங்களோ அங்க போடுங்க. ஆனா நான் நிறுத்த மாட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். "வேணாம்."

"ஓட்டுங்க."

மில். வளைவு. மஞ்சள் கம்பம். இந்த முறை தொண்டைக்குள் ஹாரன் வரவில்லை. கேட். சரிவில் கையை எடுத்தார், தானாகப் போயிற்று. பாலம். பாலம் இறங்கியதும் அவர் திருப்பினார். முழுக்கத் திருப்பினார், அதற்குமேல் திரும்பாது என்கிற வரை. சித்தியின் கட்டைவிரல் பட்டனில் வெளுத்திருந்தது. ரயில் நிற்கவில்லை. அந்தக் கதவின் நீளத்தை ரயில் கடக்க ஆன நேரத்தில் அவர் இன்னும் இரண்டு முறை திருகைத் திருப்பப் பார்த்தார். அது ஏற்கெனவே முடிந்த இடத்தில் இருந்தது. சித்தி கண்ணை மூடவில்லை. மெழுகு ஆளைத் தட்டியபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. எஞ்சின் லேசாகத் தூக்கிப் போட்டது. அவ்வளவுதான். ஸ்டேஷன் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடத்தில் முட்டி, சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. அதற்குப் பிறகுதான் சித்தி கட்டைவிரலை எடுத்தாள்.

சித்தப்பாவின் வாயிலிருந்து நான் அதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது. பல் பிடுங்கும்போது சிலர் அப்படிச் சத்தம் போடுவார்கள் என்று சித்தி சொல்லியிருக்கிறாள்.

"இப்படித்தான்," என்றார். "இப்படித்தான் போச்சு. போட்டேன், போய்க்கிட்டே இருந்துச்சு."

"பாத்தேன். நீங்க போட்டீங்க," என்றாள் சித்தி. "இப்ப ஓட்டினது நான்."

எழுந்து குழாயடிக்குப் போனாள். கை கழுவினாள். வெகு நேரம் தண்ணீர் ஓடியது. தூரத்தில் ரயில் எதுவும் வரவில்லை.

அன்றைக்குச் சித்தப்பா சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. டாக்டர் எஞ்சின் கூடாது என்றுவிட்டார். ரயிலில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை வைக்கிற அறையில் இப்போது வேலை. குடை, பை, ஒற்றைக் கையுறை. ஒரு முறை ஒரு பல்செட்டுகூட வந்ததாம். சித்தியிடம் கொண்டுவந்து காட்டினார். "நம்மது இல்ல," என்றாள். தினமும் கேட்டைத் தாண்டிப் போகிறார், திரும்பி வருகிறார். தூக்கத்தில் கை மட்டும் பிரேக்கைத் தேடி இழுக்கிறது என்று சித்தி அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். கதவுகள் இரண்டும் திரும்ப மாட்டப்படவில்லை.

மெழுகு ஆளை அவர் மறுபடி செய்யவில்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்ததை ஊசியால் சுரண்டி எடுத்து, ஒரு தாளில் மடித்து எங்கேயோ வைத்தார். எங்கே என்று நான் தேடவில்லை. செருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் இடம் மாற்றி வைக்கிற கை என்னுடையது. போன வாரம்கூடத் தலைமையாசிரியரை மில் கூரையில் ஏற்றினேன். அந்தச் செருப்பைத் தொட்டதில்லை. தூசி தட்டும்போது அங்கே வாயால் ஊதுவேன், மெதுவாக.

வேலையிலிருந்து வந்ததும் சித்தப்பா கொஞ்ச நேரம் ஓட்டுவார். பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் கையைத் திருகிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அந்தக் கதவு நீளத்துக்கு வண்டி தானாகப் போகும்.

சித்தி அந்த ரயிலை அப்புறம் ஓட்டவில்லை. "வாயேன், ஒரு தடவ ஓட்டு," என்று அவர் கூப்பிட்டால், "கையெல்லாம் பிளாஸ்டர்ங்க" என்பாள். பிளாஸ்டர் கலந்தால் விடாமல் கிண்ட வேண்டும், நிறுத்தினால் இறுகிவிடும். அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும், இரண்டு கதவும் சேருகிற இடத்தில் சக்கரம் டக்கென்று ஏறும்போது உள்ளே அவள் கரண்டி நின்றுவிடும். மறுமுனையில் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது இன்னொரு டக் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் மறுபடி கிண்டுவாள். இப்போதெல்லாம் சித்தியின் பிளாஸ்டரில் சின்னச் சின்னக் கட்டி விழுகிறது என்று டாக்டர் குறைப்படுகிறாராம்.